வானத்தில் பட்ட தூரிகை

சென்ற மார்கழியில் மாணவர் சிலரோடு திருமுக்கூடல் சென்றிருந்தேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் வேங்கடேசப் பெருமாள் கோயில். 11ஆம் நூற்றாண்டில் பதினைந்து கட்டில்களோடு இங்கு இயங்கிய ஆதுலசாலையைப் பற்றிச் சொல்லும் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டைக் காண்பதே எங்கள் நோக்கம். கல்லெழுத்தைப் படிக்கச் சாய்ந்த ஒளி வேண்டும் என்பதால் விடியுமுன்னே போய்ச் சேர்ந்தோம்.

மாணவர் ஒருவர் ஆற்று மணலில் இறங்கி நின்று ஞாயிறு எழுவதைப் படமெடுத்தார். ஒரு வாரம் கழித்துத் துறையின் ஆண்டு மலருக்கு அவர் கொடுத்த படத்தில் வானம் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. நான் கண்ட வானமோ பனி மூடி வெளிறிய மஞ்சள். "இது பொய்யில்லையா?" என்று கேட்டேன். "ஃபில்டர் போட்டு எடுத்தேன், பிறகு கணினியில் கொஞ்சம் கூட்டினேன் ஐயா. எல்லோரும் செய்வதுதானே" என்றார்.

அந்தப் பதில் என்னைப் பழைய புகைப்படங்களின் பக்கம் திருப்பியது. அவர் சொன்ன 'எல்லோரும்' என்பதில் 19ஆம் நூற்றாண்டினரும் அடங்குவர் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தொடக்ககாலப் புகைப்படத் தாளிலும் தகட்டிலும் பூசப்பட்ட வெள்ளி உப்புகளுக்கு நீலமும் ஊதாவும் நன்கு புலப்பட்டன. சிவப்பு புலப்படவே இல்லை. கோபுரம் தெளிவாக விழும்வரை காத்திருந்தால், அதற்குள் வானம் அளவு மீறிப் பதிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கொன்றும் வானுக்கொன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். அவர் எடுத்த ஒரே மேகக்கூட்டம் வெவ்வேறு கடல்களின் மேல் மிதப்பதைக் காணலாம். வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை இன்று கணினியில் இணைக்கிறார்களே, அதன் மூதாதை இதுதான்.

தமிழகத்தில் இதைச் செய்தவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 டிசம்பரில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றினார். மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ்களின் மேல் வண்ணம் பூசி, வெறுமையான வானத்தில் மேகங்களை வரைந்தார். மர இலைகளையும் நீரையும்கூடத் திருத்தினார். அவர் படங்களில் நம் கோயில்களின் மேல் தவழும் மேகங்கள் பல தூரிகையிலிருந்து வந்தவை. அதே டிரைப்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளச் சுருளாக ஒட்டினார். அந்த ஒட்டுவேலையின் நோக்கம் எழுத்துகளைத் தொடர்ச்சியாகக் காட்டுவது. செலவு அதிகம் என்று 1859இல் ஆளுநர் டிரெவெல்யன் அப்பணியையே நிறுத்திவிட்டார்.

1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயங்களைச் சேர்த்துத் தகட்டின் பார்வையை விரித்தார். 1906இல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. நீலத்தைத் தணித்து மேகத்தை எடுத்துக்காட்டும் மஞ்சள் ஃபில்டர் கறுப்புவெள்ளைக் கலைஞர்களின் பையில் நிரந்தர இடம் பெற்றது. மேல்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள இன்றைய ஃபில்டர், விடியல் வானின் ஒளியைக் குறைத்து இருண்ட ஆற்றுக்கு ஈடாக்குகிறது. கண் இயல்பாகச் செய்துகொள்ளும் சமரசத்தையே இந்தக் கண்ணாடி செய்கிறது. தானியங்கி நிறச்சமனில் விட்ட கேமராவோ விடியலின் செம்மையைக் குறையென்று எண்ணிக் கழுவிவிடுவதும் உண்டு. அப்படியானால் 'திருத்தாத படம்' என்று எதைச் சொல்வது?

இயற்கையும் ஃபில்டர் மாட்டியதுண்டு. 1883 ஆகஸ்டு இறுதியில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் உதயத்திலும் அத்தமனத்திலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் அதை நிறமாலைமானி வைத்து ஆராய்ந்தார். வண்ணப் புகைப்படம் புழக்கத்துக்கு வராத காலம்; பச்சைச் சூரியன் சொற்களில் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. இலண்டனில் அதன்பின் தோன்றிய செவ்வானத்தை வில்லியம் ஆஸ்கிராஃப்ட் வண்ணக்கோல் கொண்டு தீட்டிவைத்தார். சென்னைக் கடற்கரையின் பச்சைச் சூரியனை எவரேனும் படமாகக் காட்டியிருந்தால் நான்தான் முதல் ஆளாக 'பொய்' என்றிருப்பேன்.

ஆகவே மாணவரின் செவ்வானத்தோடு சமாதானமானேன். ஆனால் அதே உறையில் அவர் வைத்திருந்த இன்னொரு படத்தோடு என்னால் சமாதானமாக முடியவில்லை. கல்வெட்டுத் துண்டு ஒன்றின் படம் அது. கல் பொரிந்துபோன இடத்தில், பக்கத்துக் கல்லின் நிறத்தை எடுத்து நிரவியிருந்தார். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் பொரிந்த இடம் 'இங்கே எழுத்து இருந்து அழிந்தது' என்கிறது; நிரவிய இடமோ 'இங்கே எதுவும் இருந்ததில்லை' என்கிறது. ஆதுலசாலையில் மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர் என ஒவ்வொருவரையும் நாம் அறிவது எழுத்தெழுத்தாகப் படித்ததால்தான். அங்கே மூன்றெழுத்து போனால் ஓர் ஆளே போய்விடக்கூடும்.

வானம் நாளை மறுபடியும் விடியும். வேறொருவர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார். கல்லுக்கு அந்த வசதி இல்லை. இதைச் சொன்னதும் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் மூலப்படத்தைக் கொண்டுவந்து தந்தார். மலரில் இரண்டையும் வெளியிட்டோம்: கல்வெட்டை எடுத்தது எடுத்தபடி, விடியலை அவர் விரும்பிய சிவப்பில், 'நிறம் கூட்டப்பட்டது' என்ற ஒரு வரியோடு.