எந்த வசந்தம்?

2009இல் போர் முடிந்த கையோடு அரசாங்கம் வடக்குக்கு ஒரு அபிவிருத்தித் திட்டம் கொண்டுவந்தது. அதுக்கு வைத்த பெயர் ‘வடக்கின் வசந்தம்’. எங்களில் பலர் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெயர்ப்பலகையில இருக்கிற ஒரு சொல்லைப் பற்றி யோசிக்கிற வயசில்லை. இப்ப யோசிக்கலாம். வசந்தம் எண்ட சொல்லுக்கு எங்கட காலநிலையில, எங்கட இலக்கியத்தில, எங்கட கோயில்களில என்ன அர்த்தம் இருந்திருக்கு?

முதலில் வெயிலைப் பற்றிக் கதைப்போம். ஐரோப்பாவில் வசந்தம் எண்டால் பனி உருகி, மொட்டை மரங்கள் திரும்பத் துளிர்க்கிற காலம். செத்துக்கிடந்த உலகம் உயிர்க்குது எண்ட எண்ணம் அதிலிருந்துதான் வருது. 1968இல் பிராக் நகரத்தில் வந்த மாற்றங்களுக்கும், 2011இல் அரபு நாடுகளைக் குலுக்கிய போராட்டங்களுக்கும் ‘வசந்தம்’ எண்டு பெயர் விழுந்ததுக்குப் பின்னால் அந்த எண்ணம் இருக்கு.

இலங்கையில் உருகுவதற்குப் பனி இல்லை. மார்ச்சும் ஏப்ரலும் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் வருசா வருசம் அறிவிக்கும். சித்திரைப் புத்தாண்டும் அந்த நாட்களுக்குள்ளதான் வருது. வடக்கில் மாரிமழை ஓய்ந்து மாதக்கணக்காகியிருக்கும். குளம் வற்றத் தொடங்கும், கிணத்தில தண்ணி கீழ போகும். அதேநேரம் வேம்பு பூத்துக் கொட்டும், மாமரம் காய்க்கும், முள்முருக்கு சிவக்கும், குயில் கூவும். அழகும் வெக்கையும் ஒண்டாத்தான் வரும்.

தமிழ் மரபு இந்தக் காலத்துக்கு வைத்த பெயரிலேயே வெயில் இருக்கு: இளவேனில். ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தவர்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் எண்டும், ஆனியையும் ஆடியையும் முதுவேனில் எண்டும் சொன்னார்கள். தொல்காப்பியம் வேனிலைப் பாலைத் திணைக்குரிய காலமாக வைக்கிறது. பாலைக்கு உரியது பிரிவு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ‘இளவேனிற்பத்து’ எண்டு பத்துப் பாட்டு இருக்கு. பத்திலும் தலைவியின் முறைப்பாடு ஒண்டுதான்: பருவம் வந்திட்டுது, வாறன் எண்டு சொல்லிப் போனவர் வரேல்லை. அங்க மரம் பூக்கிறது, தவணை முடிஞ்சுபோச்சு எண்டதுக்குச் சாட்சி.

சிலப்பதிகாரத்திலும் இதே கதைதான். கானல்வரியோடு கோவலன் பிரிந்து போகிறான். அதுக்கு அடுத்து வாறது வேனிற்காதை. புகாருக்கு இளவேனில் வந்திட்டுது எண்டு மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி அனுப்புகிறாள். கொண்டுபோற தோழியின் பெயர் வசந்தமாலை. கோவலன் அந்தக் கடிதத்தை வாங்க மறுக்கிறான். வசந்தம் எண்ட பெயரோடு போனவள் வெறுங்கையோடு திரும்பி வருகிறாள்.

சரி, இந்த வெக்கையை எங்கட ஆக்கள் எப்பிடிக் கொண்டாடினவை? குளிர வைத்துத்தான் கொண்டாடினவை. வசந்த மண்டபப் பூசை தெரியாத ஆள் எங்கட ஊர்களில இல்லை. அந்த மண்டபத்தின் பெயருக்குப் பின்னால் வெயில்காலத்தில் சுவாமியை நிழலில எழுந்தருளச் செய்கிற வசந்த உற்சவ மரபு இருக்கு. மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டுவித்த புதுமண்டபத்தைச் சுற்றித் தண்ணி நிற்கிறதுக்கெண்டே அகழி போல ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள்.

கிழக்கில் இது இன்னும் வெளிப்படையா இருக்கு. வைகாசியில் மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடுவினம். சடங்கு திருக்குளிர்த்தியோடு நிறைவேறும். மதுரையை எரித்த அம்மனின் கோபத்தைக் குளிர வைக்கிற சடங்கு அது. அநியாயமாகப் புருசனைப் பறிகொடுத்தவளின் வழக்கை முழுசாப் பாடிக் கேட்ட பிறகுதான் குளிர்த்தி. அந்த ஒழுங்கை நாங்கள் கவனிக்கவேணும். வழக்கைக் கேட்காமல் குளிர்த்தி இல்லை.

அதே வைகாசியில்தான் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும் வரும். கோயில் இருக்கிறது நந்திக்கடல் ஓரத்தில. 2009 மே மாதம் போர் முடிந்ததும் அந்தக் கடலேரியின் கரைகளில்தான். அங்கயிருந்து வந்த சனத்தையும் சேர்த்து இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் போன்ற முகாம்களில் அடைபட்டிருந்த வருசத்திலதான் ‘வடக்கின் வசந்தம்’ அறிவிக்கப்பட்டது.

திட்டத்தில் ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்ல வரேல்லை. றோட்டு வந்தது, கறண்ட் வந்தது. 2014 ஒக்டோபரில யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அந்த றோட்டிலயும் ரயிலிலயும்தான் நாங்களும் போய் வாறம். ஆனா காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதிக்கு வந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது இளவேனிற்பத்தில் இருக்கிற அதே கேள்வியைத்தான்: எல்லாம் வந்திட்டுது, போனவர் எங்க?

இப்ப எங்கட இளவேனிலுக்கு இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கு. மே 18க்கு முந்தின நாட்களில் ஊர் ஊராக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி, தண்ணி, உப்பு. போரின் கடைசி நாட்களில் அந்தச் சனத்துக்குக் கிடைத்த சாப்பாடு அதுதான். 2024இல் சம்பூரில் கஞ்சி கொடுத்ததுக்காகக் கைதுகளும் நடந்தன. வசந்தம் எண்டு பெயர் வைக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு சிரட்டைக் கஞ்சி பிரச்சினையாகத் தெரிந்திருக்கு.

இனி ஆராவது மேடையில ஏறி வசந்தம் வரப்போகுது எண்டு சொன்னால், எந்த வசந்தம் எண்டு கேட்போம். பனி உருகிற ஊரின் வசந்தத்தை அவை சொல்லினமெண்டால் அது எங்களுக்குப் பொருந்தாது. எங்கட வசந்தம் எண்டால், வழக்குரையை முதலில் கேட்கச் சொல்லுவோம். குளிர்த்தி அதுக்குப் பிறகுதான்.