இரண்டு நதிகளுக்கு நடுவே ஒரு கணவாய்

பிரான்சையும் சைக்கிளையும் சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயம்தான் நினைவுக்கு வரும். மஞ்சள் பனியன், ஆல்ப்ஸ் மலை, சாலையோரம் நின்று கத்தும் கூட்டம்... ஆனால் அந்த நாட்டின் கிராமப்புறங்களில், ஆற்றங்கரை வழியாகவும் குன்றுகளைத் தாண்டியும் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்ல. குடும்பத்தோடு போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், விடுமுறைக்கு வந்தவர்கள். இப்படிப்பட்ட சாதாரண மனிதர்கள் ஒரு மலையை சைக்கிளில் ஏறலாமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டையாக இருந்தது. அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணவாயைப் பார்த்தால் போதும்.

நடு பிரான்சின் தென்கிழக்குப் பக்கம் செயின்ட் எத்தியேன் என்று ஒரு தொழில் நகரம். நிலக்கரி, துப்பாக்கி, பட்டு ரிப்பன் என்று வளர்ந்த ஊர். 1880களில் சைக்கிளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. துப்பாக்கி செய்யத் தெரிந்த கைகளுக்கு சைக்கிள் செய்வது ஒன்றும் கஷ்டமில்லையே! இந்த நகரம் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே பிலா மலைத்தொடர். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் 1,161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் வருகிறது. 'குடியரசுக் கணவாய்' என்ற பொருளில் அதற்கு கோல் த லா ரெபுப்ளிக் என்று பெயர். 'பெருங்காடு' என்ற பொருளில் கிராண்ட் புவா என்றும் சொல்வார்கள். கணவாயின் வடக்கே விழும் மழை ஃபூரான் ஆற்றில் இறங்கி, லுவார் நதியோடு சேர்ந்து அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. தெற்கே விழும் மழை ரோன் நதியில் கலந்து மத்திய தரைக்கடலுக்குப் போகிறது. நகரத்திலிருந்து நேர் தெற்கே ரோன் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் இதைத்தான் ஏறித் தாண்ட வேண்டும்.

ஏறுவதற்குச் சாலை வேண்டுமே? பிரான்சில் அது முன்பே தயாராக இருந்தது. பாலங்களையும் சாலைகளையும் போடுவதற்கென்றே 1716-லேயே அரசுப் பொறியாளர் படை ஒன்றை அமைத்தார்கள். அதைவிட முக்கியமானது 1836-ல் வந்த கிராமச் சாலைச் சட்டம். ஊருக்கு ஊர் சாலை போட்டுப் பராமரிப்பது அந்தந்த ஊராட்சியின் கடமை என்றது அந்தச் சட்டம். அதற்காக ஊர்க்காரர்களிடம் வருடத்துக்கு மூன்று நாள் வரை உழைப்பை வாங்கலாம், உழைக்க விரும்பாதவர் பணமாகக் கட்டிவிடலாம். பால் வண்டியும் மாட்டு வண்டியும் போக வேண்டும் என்று போட்ட சாலைகள் அவை. பின்னால் நெடுஞ்சாலைகள் வந்து லாரிகளை இழுத்துக்கொண்டதும், இந்தச் சின்னச் சாலைகள் சந்தடி இல்லாமல் சைக்கிளுக்கென்றே மிஞ்சின. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

சாலை இருந்தது, ஆனால் அதில் ஏறத்தக்க சைக்கிள் இல்லை. அன்றைய சைக்கிளில் ஒரே கியர். முன்னால் 44 பல், பின்னால் 22 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் வண்டி 4.2 மீட்டர் நகரும். சமவெளியில் இது சுகம். ஏற்றத்திலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் உடம்பையும் வண்டியையும் 4.2 மீட்டர் மேலே தள்ள வேண்டும், முழங்கால் கழன்றுவிடும். முன்னும் பின்னும் ஒரே அளவு பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான். மெதுவாகத்தான் போகும், ஆனால் மலை ஏறிவிடலாம். கணக்கு என்னவோ இவ்வளவுதான். அதை ஏற்றுக்கொள்ள வைப்பதற்குத்தான் ஐம்பது வருடம் ஆனது.

கணக்கைப் பிடித்துக்கொண்டவர் ஒரு வியாபாரி. பெயர் போல் த விவி, 1853-ல் பிறந்தவர், பட்டு வணிகம் செய்தவர். முப்பது வயதை நெருங்கும்போதுதான் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு செயின்ட் எத்தியேனில் சைக்கிள் கடை வைத்தார். 1887-ல் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அதில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார், பிறகு ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. லாப நஷ்டக் கணக்கில் பார்த்தால் படுமுட்டாள்தனமான முடிவு! ஆனால் அவருக்குக் கடைக்குப் பின்னாலேயே ஒரு பரிசோதனைக்கூடம் கிடைத்தது, அந்த மலை. ஆரம்பத்தில் வண்டியை விட்டு இறங்கி, செயினைக் கையால் தூக்கி வேறு பல்சக்கரத்தில் மாட்ட வேண்டியிருந்தது. பிறகு அவரும் நகரத்துச் சைக்கிள் தொழிலாளர்களும் ஒவ்வொரு ஏற்பாடாகச் செய்து பார்த்தார்கள், மலையில் ஏற்றிப் பார்த்தார்கள், தேறாததைக் கழித்தார்கள். மனிதர் இறைச்சி சாப்பிடமாட்டார், எஸ்பரான்டோ மொழியில் ஆர்வம் உள்ளவர். இரவு முழுக்க ஓட்டிக்கொண்டே ரோன் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே புரோவான்ஸ் வரை போய்விடுவார். பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள், வீம்புக்காக ஓட்டாதீர்கள் என்பதெல்லாம் அவர் வாசகர்களுக்குச் சொன்ன அறிவுரைகள்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவரும் பத்திரிகைக்காரர்தான், ஹென்றி தெகிராஞ்ச். அவருடைய 'லோட்டோ' பத்திரிகை பிறந்த கதையே வணிகக் கதை. அப்போது விற்பனையில் முன்னணியில் இருந்த 'லெ வெலோ' பத்திரிகையோடு அரசியலிலும் விளம்பர விஷயத்திலும் சண்டை போட்டுக்கொண்ட தொழிலதிபர்கள், 1900-ல் போட்டிக்குத் தொடங்கியது அது. விற்பனை ஏறவில்லை. அதற்காகக் கண்டுபிடித்த உத்திதான் டூர் டி பிரான்ஸ். 1903-ல் முதல் பந்தயம்: ஆறு கட்டம், 2,428 கிலோமீட்டர். 60 பேர் புறப்பட்டு 21 பேர் முடித்தார்கள். சுமார் 25,000 பிரதி விற்ற பத்திரிகை அந்தப் பந்தயத்துக்குப் பிறகு 65,000 விற்றது.

அந்த முதல் பந்தயத்தின் இரண்டாம் கட்டம், லியோனிலிருந்து மார்செய் வரை, நம்முடைய கணவாய் வழியாகத்தான் போனது. அடுத்த வருடம் அங்கே ரகளையே நடந்தது. உள்ளூர் வீரர் அந்துவான் ஃபோர் முன்னால் போனதும், அவருடைய ரசிகர்கள் இருட்டில் சாலையை மறித்து, பின்னால் வந்த மோரிஸ் காரானையும் மற்றவர்களையும் அடித்தார்கள். அமைப்பாளர்கள் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்ட பிறகே கூட்டம் கலைந்தது. பிறகு மோசடிப் புகார்களால் முதல் நான்கு பேரையும் நீக்கி, 19 வயது ஹென்றி கோர்னேயை வெற்றியாளராக அறிவித்தார்கள்.

தெகிராஞ்சுக்குப் பல கியர் சைக்கிள் என்றாலே பிடிக்காது. கியர் மாற்றி ஜெயிப்பது உழைப்பே இல்லை, அது வயதானவர்களுக்கு வேண்டுமானால் சரி என்பது அவர் கட்சி. ஆனால் மலைகள் மட்டும் உயர்ந்துகொண்டே போயின. 1910-ல் 2,115 மீட்டர் உயர தூர்மாலே கணவாய் சேர்க்கப்பட்டது. களைத்துப்போன ஒக்தாவ் லாப்பீஸ், அமைப்பாளர்களைப் பார்த்து கொலைகாரர்கள் என்று திட்டியது அந்த நாளில்தான். (அந்த வருடம் ஜெயித்ததும் அவரே!) 1913-ல் அதே தூர்மாலே இறக்கத்தில் யூஜேன் கிறிஸ்தோஃபின் ஃபோர்க் உடைந்தது. யாரும் உதவக்கூடாது என்பது விதி. பத்து கிலோமீட்டருக்கு மேல் வண்டியைச் சுமந்து நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டவைத்தார். துருத்தியை ஒரு பையன் ஊதிவிட்டான் என்பதற்காக அவருக்கு நேரத் தண்டனை கொடுத்தார்கள்! இந்தக் கதைகள் எல்லாம் பத்திரிகைக்கு நல்ல தீனி. வீரர் படும் பாடுதான் தெகிராஞ்சின் சரக்கு, சுலபமாக ஏறும் சைக்கிள் அந்தச் சரக்குக்குப் போட்டி. அவர் மனப்பூர்வமாகவே அப்படி நம்பியிருக்கலாம். ஆனால் நம்பிக்கையும் வியாபாரமும் ஒரே திசையில் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

டெரெய்லர் கியரை டூர் டி பிரான்ஸ் முறையாக அனுமதித்தது 1937-ல். அதாவது செயின்ட் எத்தியேன் பக்கத்துச் சாதாரண ஓட்டுநர்கள் பல கியரோடு மலை ஏறிக்கொண்டிருந்த எத்தனையோ வருடங்கள் கழித்துத்தான் உலகின் மிகப் பெரிய பந்தயம் அவர்களைப் பிடித்தது. வெலோசியோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1930-ல், 76 வயதில், செயின்ட் எத்தியேனிலேயே டிராம் மோதி இறந்துபோனார். ஆனால் 1922-லேயே அவருடைய நண்பர்கள் அவர் பெயரில் ஒரு நாளைக் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள். ஆணும் பெண்ணும் வயது வித்தியாசமின்றி கிராண்ட் புவா ஏறுவதுதான் விழா. கணவாயின் உச்சியில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு.

1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு முதல் முறையாக இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. கார் வாங்க யாரிடம் பணம்? ஆலைத் தொழிலாளியும் மனைவியும் இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு நதிக்கரைக்கும் கடற்கரைக்கும் கிளம்பினார்கள். அந்தக் கோடையின் புகைப்படங்களில் இந்த டேண்டம்களைப் பார்க்கலாம். போருக்குப் பிறகு கார் வந்தது, சைக்கிள் பின்னுக்குப் போனது. கார் அதோடு இன்னொன்றையும் காலி செய்தது: கிராமத்து ரயில். பயணிகள் இல்லாமல் கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்தத் தண்டவாளத் தடங்கள்தான் இப்போது சைக்கிளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. 1997-ல் பர்கண்டியில் ஜீவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே, திராட்சைத் தோட்டங்கள் வழியாக, 44 கிலோமீட்டர் பழைய ரயில் பாதை முதல் 'பசுமை வழி'யாகத் திறக்கப்பட்டது. பிறகு லுவார் நதியோரமாகக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர், ரோன் நதியோரமாக ஜெனீவா ஏரியிலிருந்து மத்திய தரைக்கடல் வரை 815 கிலோமீட்டர் என்று நீண்ட வழிகள் வந்தன. இப்போது மின் சைக்கிளில் வருகிறவர்களைப் பார்த்து, இதெல்லாம் ஒரு ஓட்டலா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. தெகிராஞ்சின் குரல்தான் வேறென்ன!

வெலோசியோவின் கணவாய்க்குக் கொஞ்சம் தென்மேற்கே, லுவார் பள்ளத்தாக்கையும் ரோன் பள்ளத்தாக்கையும் இணைக்கும் வியா ஃபுளுவியா என்ற பாதையைப் பகுதி பகுதியாகப் போட்டு வருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் பழைய ரயில் தடம்தான். நீராவி எஞ்சின் ஏறுவதற்காக வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் மிக மெதுவாகவே கூடுகிறது. துனியேர், ரியோதோர், பூர்க் அர்ஜென்தால், அனோனே என்று ஊர் ஊராகப் போகிறது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பல கியர் சைக்கிளில் பேசிக்கொண்டே இரண்டு நதிகளுக்கு நடுவேயுள்ள மேட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.