வேற்றுக்கோள் அறிவுயிர்: இருப்பும் வருகையும்

பூமிக்கு வெளியே இருக்கக்கூடிய, சிந்திக்கவும் கருவி செய்யவும் வல்ல உயிரை வேற்றுக்கோள் அறிவுயிர் என்பர். அது இருப்பது வேறு, இங்கே வருவது வேறு. இருப்பதற்கான சான்று தேடிய வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. மதராஸ் வானாய்வகத்தின் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதைப் பிசகுகளைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என 1855இல் எழுதினார். அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. ஆனால் 1995இல் சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் முதல் கோள் கண்டறியப்பட்டது; இன்று அறியப்பட்ட புறக்கோள்கள் 5,000ஐத் தாண்டிவிட்டன. எனவே உயிருக்கு இடமில்லை என்ற வாதம் இனிச் செல்லாது. இடம் இருப்பதாலேயே அறிவு தோன்றிவிடும் என்பதும் செல்லாது: பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகள் ஆகியும் வானொலி கண்ட இனம் ஒன்றுதான்.

வருகைக்குத் தடை தூரம். நொடிக்கு 17 கி.மீ. விரையும் வாயேஜர் 1 விண்கலத்துக்குக்கூட, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் எந்திரக் கலங்களாவது வந்திருக்கலாமே என்பது வலுவான மறுப்பு; ஆனால் வந்ததற்குச் சோதித்து உறுதிசெய்த ஒரு துண்டுகூட இல்லை. வானில் விளக்குகளைக் கண்டதாகச் சொல்லும் சாட்சியம் அந்தக் குறையை நிரப்பாது. இரவில் வடசென்னையின் எண்ணூர்க் கரையிலிருந்து பார்த்தால், நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் சில வேளை அந்தரத்தில் தொங்குவதுபோல் தோன்றும். அருகிலுள்ள மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் தாழ்ந்த மேகத்தைச் சிவக்க வைக்கும். காசிமேட்டு மீனவருக்கு இவை அன்றாடக் காட்சி. தூரமும் அளவும் பிடிபடாத புதியவருக்கோ எதுவும் பறக்கும் தட்டாகலாம்.