புனித சின்னப்பர் சிசிலிக்கு வந்தாரா?

“புனித சின்னப்பர் பலேர்மோவுக்கு வந்தாரா?” என ஒரேத்தோவில் வாழும் எம் பிள்ளைகள் வினவுவதுண்டு. திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி இரு அதிகாரங்கள் இதற்கு விடை பகர்கின்றன.

கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவரது கப்பல் மால்த்தாத் தீவருகே உடைந்தது. கரை சேர்ந்த 276 பேரையும் அத்தீவு மக்கள், மழையிலும் குளிரிலும் தீ மூட்டி வரவேற்றனர். மூன்று மாதங்களின் பின் அலெக்சாந்திரியக் கப்பலொன்றில் புறப்பட்ட சின்னப்பர், சிசிலியின் சிராக்கூசாவில் மூன்று நாட்கள் தங்கினார். பலேர்மோவின் பெயர் வேதாகமத்தில் இல்லை. ஆயினும் 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் மன்னர் இரண்டாம் ருச்செரோ இந்நகர அரண்மனையுள் எழுப்பிய சிற்றாலயத்தின் சுவர்களில் அவரது வாழ்வு வண்ணக்கல் ஓவியங்களாக விளங்குகின்றது.

பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுதல் நன்று. கடலில் யாவும் இழந்து வந்தோரை அந்நியர் ஏற்றுக்கொண்ட வரலாறு வேதத்திலும் உண்டென அவர்கள் அறிவர்.