துள்ளிசையின் தோற்றமும் தேய்வும்



சரித்திரம் என்றவுடன் அரசர்களின் முடிசூட்டும், படையெடுப்பும், உடன்படிக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் எதைப் பாடினார்கள், எதற்குக் கைதட்டினார்கள் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே அடக்கிவிடுகிறார்கள். ஆயினும், ஒரு காலத்தின் மனநிலையை அறிவதற்கு அக்காலத்து அரச கட்டளைகளைப் போலவே அக்காலத்துப் பாட்டும் சான்றாகும். நம் இலங்கையில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக் காலம் ஓங்கி ஒலித்து, பின்னர் விரைந்து மங்கிப்போன ஓர் இசை வகையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதனைச் சிலர் பொப் இசை என்றனர். தமிழிற் பெயரிட விரும்பியோர் துள்ளிசை என்றனர்.

இவ்விசை ஏன் தோன்றியது என்பதிலும் பார்க்க, மக்கள் அவ்வளவு விரும்பிய ஒன்று ஏன் அவ்வளவு விரைவில் மங்கியது என்பதே சிந்திக்கத்தக்க வினா. அதற்கு விடை காண வேண்டுமாயின் முதலில் வேரைத் தேட வேண்டும்.

1505ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இத்தீவிற் கால்வைத்தனர். 1658இல் அவர்களது ஆட்சி முற்றாக நீங்கியது. கோட்டைகள் கைமாறின, கொடிகள் மாறின, ஆனால் அவர்கள் கொண்டுவந்த ஆடலும் பாடலும் நீங்கவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், தம் திருமண வீடுகளில் வயலினும் மென்டலினும் இசைத்து ஆடிய கப்ரிஞ்ஞா என்னும் ஆடலிசை அதற்குச் சான்று. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த மக்களும் தமது தாளத்தை மறவாது காத்து வந்துள்ளனர். ஐரோப்பாவின் இசையும் ஆபிரிக்காவின் தாளமும் இந்நாட்டு மண்ணிற் கலந்தபோது பிறந்ததே பைலா. போர்த்துக்கேய மொழியில் ஆடுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது.

பைலாவின் தாளத்தைக் கூர்ந்து கேட்டால், ஆறு எண்ணிக்கை மூன்று மூன்றாகப் பிரிந்து துள்ளி ஓடுவதை உணரலாம். இது நமக்குப் புதியதன்று. நம் சங்கீத வித்துவான்கள் திசிர நடை என்று கூறுவது இதற்கு நெருங்கிய உறவே. நம் நாட்டார் பாடல்கள் பலவும் இந்நடையிலேயே செல்கின்றன. ஆதலால் பைலாவைக் கேட்ட தமிழ்ச் செவிக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் நிகழ்ந்த கலப்பிற்கு இந்த இயல்பான உறவே வழி திறந்து வைத்தது எனலாம்.

வீட்டு விழாவில் ஒலித்த பைலாவை மேடைக்கும் ஒலிபரப்புக்கும் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் வொலி பஸ்தியன். காவற்றுறையிற் பணியாற்றிய இவர், சிங்கள மொழியிற் பாட்டுக்களை அமைத்து, பலர் சேர்ந்து பாடும் பல்லவியையும் அதனுடன் இணைத்தார். அவருக்குப் பின் எம். எஸ். பெர்னாண்டோ முதலியோர் அதனை நாடெங்கும் பரப்பினர்.

இவ்வாறு உள்நாட்டிலே ஒரு கலவை பக்குவமாகிக்கொண்டிருந்த வேளையில், கடல் கடந்து வேறொரு காற்று வீசியது. மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்ஸோ இசையை ஹரி பெலபொன்டே என்னும் அமெரிக்கப் பாடகர் 1956இல் இசைத்தட்டாக வெளியிட்டு உலகெங்கும் புகழ் பெற்றார். அதே காலத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் றோக் இசையும், 1962 முதல் பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுக்களும் வானலைகளில் வந்தன. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியிருந்தது. உலகத்தின் புதிய இசை நம் நாட்டுக் கடைத்தெருவிலும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலும் கேட்கத் தொடங்கியது இவ்வாறுதான். கொழும்பிலே கிற்றாரும் மரக்காஸும் ஏந்திய கலிப்ஸோ குழுக்கள் பல எழுந்தன.

1960களின் நடுப்பகுதியில், இரத்தினக்கற்களுக்குப் பெயர்பெற்ற இரத்தினபுரியிலிருந்து ஒரு குழு வந்தது. மூன்ஸ்டோன்ஸ், அதாவது சந்திரகாந்தக் கல் என்பது அதன் பெயர். மலைநாட்டு ஹப்புத்தளையிற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன பாட்டியற்றி இசையமைத்தார்; அன்னஸ்லி மாலேவன உடன் பாடினார். மின்கிற்றாரின் ஒலியைச் சிங்களப் பாட்டோடு இணைத்து, கிராமத்து மனிதரையும் எளிய காதலையும் பாடினர். ஜெரல்ட் விக்கிரமசூரிய நிறுவிய சூரிய இசைத்தட்டுக்கள் அவ்வொலியை வீடுதோறும் சேர்த்தன. பின்னர் 1970களிற் கோல்டன் சைம்ஸ் என்ற பெயரில் கிளாரன்ஸ் வேறு குழு அமைத்தார். 1996ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் மறைந்தபோது, அவருடைய பாட்டுக்களைப் பாடித் திரிந்த இளைஞர்கள் நடுவயதினராகியிருந்தனர். அப்பாட்டுக்களோ சிங்கள இசையின் நிலையான செல்வமாகிவிட்டன. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்த் துள்ளிசைக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை.

தமிழ்ப் பக்கத்தின் நிலை என்ன? அக்காலத்தில் தமிழருக்கு இசை என்றால், ஒருபுறம் கருநாடக சங்கீதம்; மறுபுறம் தமிழகத்துத் திரைப்படப் பாடல். இவ்விரண்டிற்கும் இடையில், இந்நாட்டுத் தமிழரின் பேச்சிலும் வாழ்விலும் முளைத்த மெல்லிய பாட்டு ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் பலருக்கு இருந்தது. இலங்கை வானொலி ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு இடமளித்தது; எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் அத்துறையில் உழைத்தனர். திருகோணமலையிலே பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் கிற்றாரிசையோடு தமிழ்ப்பாட்டைப் பாடினர்.

இச்சூழலிலேதான் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் தோன்றினார். 1960களின் பிற்பகுதியில் அவர் பாடிய சின்ன மாமியே என்னும் பாட்டு யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அப்படியே மேடையேற்றியது. மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் மருமகனின் குறும்பே அதன் பொருள். கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாம் என்று அறிவுறுத்தும் இன்னொரு பாட்டும் அவரை எங்கும் அறிமுகப்படுத்தியது. பைலாவின் தாளம், கிற்றாரின் ஒலி, யாழ்ப்பாணத்துச் சொல், குடிகெடுக்கும் குடியைக் கண்டிக்கும் பழந்தமிழ் நீதி ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தன. தமிழ்ப் பொப் இசையின் தந்தை என அவரைப் பலர் போற்றுவது இதனாலேயே.

அவரை அடுத்து வந்தவர் ஏ. ஈ. மனோகரன். மேடையில் அவர் ஆடியும் பாடியும் கூட்டத்தைக் கட்டிவைத்த விதம் அவருக்குப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்ற பெயரை ஈட்டித் தந்தது. சுராங்கனி என்ற பாட்டை அறியாத தமிழர் அரியர். சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் தோளோடு தோள் சேர்ந்து வந்ததை மக்கள் இயல்பாகவே ஏற்றனர். அப்பாட்டின் புகழ் பாக்குநீரிணையைக் கடந்தது. 1977இல் வெளிவந்த அவர் எனக்கே சொந்தம் என்ற திரைப்படத்தில் இளையராஜா அதனைப் பயன்படுத்தினார். தமிழகத்துப் பாட்டை நாம் கேட்டுவந்த காலம் போக, நம் நாட்டுப் பாட்டைத் தமிழகம் கேட்ட அரிய வேளை அது. 1978இல் வெளியான வாடைக்காற்று என்ற ஈழத்துத் திரைப்படத்திலும் மனோகரன் நடித்தார். பின்னர் சிலோன் மனோகர் என்ற பெயரோடு இந்தியத் திரையுலகிற் புகுந்து, 2018ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னையிற் காலமானார்.

இவ்வகைக் கலப்பு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் 1966 அளவில் மெக்சிக்கோவிற் பிறந்த கார்லோஸ் சன்டானா ஒரு குழு அமைத்தார். கறுப்பின மக்களின் புளூஸ் இசை, கியூபா நாட்டுக் கொங்கா மேளம், றோக் இசையின் மின்கிற்றார் ஆகிய மூன்றையும் அக்குழு ஒன்றாக்கியது. 1969 ஓகஸ்ட் மாதத்தில் வூட்ஸ்டொக் பெருவிழாவில் அவர்கள் வாசித்தபோது, அவர்களது முதல் இசைத்தட்டுக்கூட வெளிவந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு வெளியான அவர்களது இரண்டாவது இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் 1972 அளவில், வூட்ஸ்டொக்கில் வாசித்த அக்குழு சிதறிவிட்டது. பலவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு மெல்லியதாகவே இருக்கும் போலும். எனினும், அங்கே குழு சிதறியதேயன்றிக் கேட்போர் சிதறவில்லை. பல ஆண்டுகளின் பின் 1999இல் சன்டானா வெளியிட்ட இசைத்தட்டு மீண்டும் பெரும்புகழ் அடைந்தது. நம் துள்ளிசைக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. இங்கே பாடுவோர் இருந்தனர். கேட்போர் கூட்டந்தான் சிதறியது.

அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்றே ஆராய்வோம். 1970இற் பதவியேற்ற அரசாங்கம் அந்நியச் செலாவணியைச் சேமிக்கும்பொருட்டு இறக்குமதியை இறுக்கியது. தமிழகத்துச் சஞ்சிகைகள் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கும் அரிசிக்கும் மக்கள் வரிசையில் நின்ற அக்கடுங்காலம், உள்நாட்டுக் கலைக்கு மட்டும் ஒரு வேலியாக நின்று காத்தது. ஈழத்துச் சஞ்சிகைகளும், நாடகமும், திரைப்படமும், துள்ளிசையும் அவ்வேலிக்குள்ளே தளிர்த்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, வேலி நீங்கியது. ஒலிப்பதிவு நாடாக்கள் மலிவாகக் கிடைத்தன. தமிழகத்துத் திரைப்பாடல் வெள்ளமெனப் புகுந்தது. 1979இல் தொலைக்காட்சி வந்தது. சிறு குழுக்கள் சிறு மண்டபங்களிற் பாடிய பாட்டு அப்பேரொலிக்கு முன் நிற்க இயலவில்லை.

வாணிபம் தந்த அடியிலிருந்து ஒருவேளை அது எழுந்திருக்கும். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்து இன வன்செயல் தந்த அடியிலிருந்து எழ முடியவில்லை. மாத்தளை நகரும் அவ்வனர்த்தத்திற்குத் தப்பவில்லை. ஒரே மண்டபத்திற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் கைதட்டிக் கேட்ட ஒரு பாட்டிற்கு, அவர்கள் ஒரே மண்டபத்திற் கூடுவதே உயிர்மூச்சு. கூட்டம் கலைந்தபின் அப்பாட்டிற்கு வீடேது? இரவு நிகழ்ச்சிகள் நின்றன. வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டது. பாடகர் பலர் புலம்பெயர்ந்தனர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். துயரம் சூழ்ந்த வீட்டில் துள்ளிசைக்கு இடமில்லை என மக்களும் கருதினர்.

அறிஞர் சிலர் இவ்விசையை வாழும்போதே ஏற்க மறுத்ததையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். இலக்கணமற்ற கொச்சை மொழி, மூன்று சுரக்கூட்டுக்களுக்கு மேற் செல்லாத இசை, இளைஞரைக் கெடுக்கும் ஆட்டம் என்று அவர்கள் குறை கூறினர். அக்குறைகளுள் உண்மை இல்லாமலில்லை. சில பாட்டுக்கள் பெண்களை எள்ளி நகையாடின. சில வெறும் சொல் விளையாட்டாகவே முடிந்தன. ஆயினும், பள்ளு, குறவஞ்சி போன்ற நம் சிற்றிலக்கியங்களும் பாமரர் பேச்சைக் கொண்டே சுவை பெற்றன என்பதை மறத்தலாகாது. அறிஞர் காக்காத கலையை ஆவணம் காப்பதில்லை. சிங்களப் பாட்டுக்கள் புதிய பாடகரால் மீளப் பாடப்பட்டு வாழ்ந்தன. தமிழ்ப் பாட்டுக்களோ தேய்ந்த தட்டுக்களிலும் முதியோர் நினைவிலும் ஒதுங்கின.

நம் மலையகத்திற்கு இச்சரித்திரம் கூறும் பாடமும் உண்டு. மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் உழைத்த மக்கள் தப்பும் உறுமியும் கொண்டுவந்தனர். காமன் கூத்தும் தெம்மாங்கும் கொண்டுவந்தனர். பக்கத்துக் கிராமத்திலே கண்டிய மேளமான கெட்ட பெரய ஒலித்தது. வானொலியிலே பைலா ஒலித்தது. இம்மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் எதிரொலித்தும், துள்ளிசையிலே தோட்டத்துத் தமிழுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு மேடையேறியது போலத் தோட்டத்துப் பேச்சும் அன்று மேடையேறியிருப்பின், அவ்விசைக்கு இன்னொரு வேர் இறங்கியிருக்கும். ஒரு வேர் அறுபட்டபோது மற்றது அதனைத் தாங்கியிருக்கவும் கூடும்.

ஆதலின் இன்று செய்யத்தக்கது யாது? பழைய இசைத்தட்டுக்கள் நம் வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. மேடையில் மேளம் வாசித்தவர்களும், கிற்றார் மீட்டியவர்களும், பந்தலிற் பாட்டுக்கேட்டு நின்றவர்களும் நம் ஊர்களில் இன்னும் வாழ்கிறார்கள். அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதிவைக்கும் பணியைப் பாடசாலை மாணவர் மேற்கொள்ளலாம். சரித்திர பாடத்திற்கு இதனிலும் நல்ல பயிற்சி வேறில்லை. அரசர் கல்லில் வெட்டிவைத்தனர். பாடகருக்குக் கல் இல்லை. நாம் எழுதினாலன்றி அவர்களுக்குச் சரித்திரம் இல்லை.

துள்ளிசை பெருங்கலை என்று நான் வாதிடவில்லை. வேறு வேறு மொழி பேசுவோர் ஒருவர் பாட்டை மற்றவர் தயக்கமின்றிப் பாடிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சியை இழந்தால், அப்படியொரு காலம் இருந்ததென்று நம் பிள்ளைகளை நம்பவைப்பது கடினமாகும்.