பந்துக் கடிகாரமும் பல்லடத்துச் சுவரும்

பந்துக் கடிகாரம்: எண்களே இல்லாத சுவர்க் கடிகாரம். நடுவில் பித்தளை வட்டம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு கம்பிகள், நுனிதோறும் ஒரு மரப்பந்து. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜார்ஜ் நெல்சனின் அலுவலகத்தில் 1940களின் இறுதியில் உருவானது. மிச்சிகனைச் சேர்ந்த ஹோவர்ட் மில்லர் நிறுவனம் செய்து விற்றது. வரைந்தவர் அங்கே பணிபுரிந்த இர்விங் ஹார்ப்பர் என்பதே இன்று பரவலான கருத்து. நெல்சனோ, அது சிற்பி இசாமு நொகுச்சியின் கையாக இருக்கலாம் என்று சொல்லிவந்தார்.

முள் இருக்கும் இடத்தைப் பார்த்தே நாம் மணியை அறிகிறோம், எண்ணைப் படிப்பதில்லை என்பது நெல்சனின் வாதம். எல்லோர் கையிலும் கடிகாரம் வந்துவிட்ட பிறகு சுவர்க் கடிகாரம் வீட்டுக்கு அழகுப் பொருள் என்பதையும் அவர் கண்டுகொண்டார். ஜெர்மனியின் யுங்கான்ஸ் நிறுவனத்துக்காக 1956இல் சமையலறைக் கடிகாரம் வடிவமைத்த மாக்ஸ் பில் எதிர்த்திசையில் போனார்: நிமிடக் கோடு ஒவ்வொன்றும் அவருக்கு முக்கியம்.

நம் நாட்டில் சுவர்க் கடிகாரத்தை வீடுதோறும் சேர்த்த ஊர் குஜராத்தின் மோர்பி. ஓதவ்ஜி படேல் 1971இல் அஜந்தா நிறுவனத்தை அங்கேதான் தொடங்கினார்.

ஆனால் விசைத்தறி ஊரான பல்லடத்தில், வீட்டுக் கூடத்தில் பந்துக் கடிகாரத்துக்கு இடம் தேடுவதுதான் பெரிய வேலை. சாமி படங்கள், மாலையிட்ட தாத்தா படம், தினசரி காலண்டர் எல்லாம் ஒரே சுவரில் இருக்கும். எண் இல்லாத கடிகாரம் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அதன் அகலம் சுமார் 33 சென்டிமீட்டர். நான்கு பக்கமும் அதே அளவாவது வெறுமையாக விட்டால்தான் பன்னிரண்டு பந்துகளும் தனித்துத் தெரியும். மாடிப்படி ஏறும் சுவரோ சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரோ பொருத்தம். தெற்குச் சுவரில் மாட்டக் கூடாது என்பது வாஸ்து பார்ப்போர் வழக்கம். பல நிறப் பந்துகளுக்கு வெள்ளையோ சந்தன நிறமோ பின்னணியாக அமைவது நல்லது. பூ வேலைப்பாடுள்ள டைல்ஸ் வேண்டாம்.

முதலில் வந்த பந்துக் கடிகாரங்கள் மின்சாரத்தில் ஓடியவை. கரண்ட் போனால் நின்றுவிடும். இப்போது வருபவை பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள். நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் அவற்றின் நேரத்தைக் காக்கிறது.

முட்களுக்கு மேல் கண்ணாடி கிடையாது. விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசு கம்பிகளிலும் முட்களிலும் படியும். ஈரத்துணி படக் கூடாது. காய்ந்த மென்தூரிகையால், முள்ளை அசைக்காமல் தட்டிவிட வேண்டும்.