குதிரை ரத்தத்தில் கண்ட உயிர்

பாண்டிய நாட்டுக் கரையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய கதையை நாமெல்லாம் படித்திருக்கிறோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்த மார்க்கோ போலோ இன்னொன்றையும் எழுதி வைத்தார். ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் செத்துப்போகும். வைத்தியம் தெரிந்தவர் ஊரில் கிடையாது. வியாபாரம் படுத்துவிடக் கூடாதே என்று வணிகர்கள் குதிரை வைத்தியரை அந்தப் பக்கம் போகவும் விடுவதில்லை என்கிறார். கணக்கைக் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனாலும் நோய் தெரியாமல் குதிரை கட்டியவர்களின் நஷ்டம் அதில் விளங்குகிறது.

அந்த நோய்களில் ஒன்றின் காரணம் பிடிபட்டது 1880இல். இடம், சிந்து நதிக் கரையிலுள்ள தேரா இஸ்மாயில் கான். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே குதிரைகளும் ஒட்டகங்களும் ‘சர்ரா’ என்ற நோயால் மடிந்துகொண்டிருந்தன. விட்டு விட்டுக் காய்ச்சல், தீனி தின்றும் இளைப்பு, ரத்தசோகை, கால் வீக்கம், கடைசியில் சாவு. விசாரிக்கப் போனவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு ராணுவக் கால்நடை மருத்துவர். நோயுற்ற குதிரையின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் ஏதோ ஒன்று நெளிந்து நெளிந்து ஓடிற்று. அந்த ரத்தத்தை நல்ல பிராணிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் அதே நோய் கண்டது.

சொன்னதும் நம்பிவிடுவார்களா? கல்கத்தாவில் திமோதி லூயிஸ் இதுபோன்ற உயிரைத் திடமான எலிகளின் ரத்தத்தில் ஏற்கெனவே பார்த்திருந்தார். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, குதிரையை மட்டும் எப்படிக் கொல்லும் என்பது மேலிடத்து வாதம். பிறகு 1885இல் ஜான் ஹென்றி ஸ்டீல் பர்மாவின் கோவேறு கழுதைகளிடம் அதே கிருமியைக் கண்டு, அதற்கு எவன்ஸ் பெயரையே வைத்தார். 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் முதல்வரும் இந்த ஸ்டீல்தான். கடித்து ரத்தம் குடிக்கும் குதிரை ஈக்கள் இதைப் பரப்புவதை லியோனார்ட் ராஜர்ஸ் 1901இல் காட்டினார். எவன்ஸுக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் வந்தது 1917இல், எண்பது தாண்டிய பிறகு! நல்லவேளை, மனிதர் நூறு வயது வரை இருந்து 1935இல் மறைந்தார்.

1889இல் புனாவில் அமைந்து, 1893இல் முக்தேஸ்வர் மலைக்கு மாறிய ஆய்வுக்கூடம் சர்ராவைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அதுவே பின்னாளில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. குதிரைக்கென்றே ஹிசாரில் 1985இல் தேசிய ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2004இல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயியின் ரத்தத்திலேயே இந்தக் கிருமி தென்பட்டது. மனித ரத்தத்தில் அதைக் கொல்லும் புரதம் ஒன்று உண்டு. அவருக்கு அது செயல்படவில்லை. சுராமின் மருந்தால் அவர் குணமானார்.

மலைக்கோயிலுக்குப் பக்தர்களைச் சுமக்கும் மட்டக் குதிரையும், செங்கல் சூளையில் உழைக்கும் கோவேறு கழுதையும் ஒவ்வொரு குடும்பத்தின் சோறு. ஈ மொய்க்கும் மழைக்காலத்தில் அது இளைத்தால், தீனியைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது போதாது. ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்துவிட வேண்டும். மருந்து இருக்கிறது, ஆனால் காலம் தாழ்த்தினால் அது கேட்காது.